கலைப்பிரிவா, தொழிற்பிரிவா?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு களுவாஞ்சிக்குடிப் பக்கம் பல வீடுகளில் இதே பேச்சுத்தான். பிள்ளையை உயர்தரக் கலைப்பிரிவில் விடுவதா, 13 வருட உத்தரவாதக் கல்வி என்ற அரசுத் திட்டத்தின் தொழிற்பிரிவில் விடுவதா?

கலைப்பிரிவு பழகின பாதை. பாடசாலையும் கிட்ட, டியூசனும் கிட்ட. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம். சரி, பட்டம் எடுத்த பிறகு? 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் சத்தியாக்கிரகம் இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தொழிற்பிரிவும் அதே வருடம்தான் தொடங்கியது. சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையும் 12ஆம் தரத்துக்குப் போகலாம் என்பதே இதன் பெரிய பலம். முதலில் பொதுப்பாடங்கள், பிறகு தொழிற்பயிற்சி, முடிவில் என்விகியூ எனும் தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டம். அத்தோடு நின்றுவிடாது, 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். குறை என்னவென்றால், எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி வயரிங் படிக்கப் போனபோது, "ஊர்ச்சனம் என்ன சொல்லும் மகன்?" என்று தாய் ஒரு கிழமை சரியாகப் பேசவில்லை. இன்று அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். பாசிக்குடா ஹோட்டல்களில் ஏசி பழுதென்றால் அவனுக்குத்தான் கோல் வரும்.

வாசிப்பில் ஊறிய, ஆசிரியராக ஆசைப்படும் பிள்ளைக்குக் கலைப்பிரிவு பொருந்தும். கூட்டாளிமார் போகிறார்கள் என்பதற்காகக் கலைக்குப் போகிறவனை நான் தொழிற்பிரிவுக்கே அனுப்புவேன். எதில் விட்டாலும் ஆங்கிலத்தைத் தனியாகப் படிப்பிக்க வேண்டியிருக்கும்.