செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கப் போறவங்க படிங்க: 70,400 ரூபாய் போச்சு

இப்பதான் டயர் கடை பில்லையும் சேத்துக் கூட்டிப் பாத்தேன். 3,85,000-க்கு எடுத்த 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலே மாசத்துல மேற்கொண்டு 70,400 ரூபாய். வித்தது திருச்சி பைபாஸ் பக்கம் ஒரு யூஸ்டு கார் கன்சல்டிங்.

கடை ஓனர் ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸ் காப்பியையும் டேபிள்ல விரிச்சு வச்சு, "லோன் முடிஞ்சிருச்சு சார், டயர் நாலும் புதுசு, நீங்க பெட்ரோல் மட்டும் போட்டா போதும். பேர் மாத்துறது எங்க பொறுப்பு"ன்னார். அதுக்குன்னு தனியா 9,000 வாங்கிக்கிட்டார். அந்த "எங்க பொறுப்பு"ங்குற ஒரு வார்த்தைய நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். டெலிவரி நோட்டுல கடைசி வரி, பொடி எழுத்துல: "உள்ளது உள்ளபடி". அதாவது அப்புறம் என்ன குறை வந்தாலும் கடை பொறுப்பில்ல.

ஆர்.சி.ல ஹெச்.பி., அதாவது வண்டி மேல பேங்க் லோன் இருக்குங்குற பதிவு, அப்படியே இருந்துச்சு. லோன் கட்டி முடிச்சா மட்டும் அது நீங்காது. அத நீக்கச் சொல்லி பேங்க் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம், பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்குற என்.ஓ.சி.யும் ஆர்.டி.ஓ.வுக்குப் போகணும். போகவே இல்ல. கேட்டா "சர்வர் டவுன் சார்", அப்புறம் "செவ்வாக்கிழமை வாங்க", அப்புறம் "பையன் லீவு". கடைசில பழைய ஓனரைத் தேடிப் பிடிச்சு நானே மாத்துனேன். 9,000 திரும்ப வரல. பழைய ஃபைன் 3,500-ஐயும் கட்டினப்புறம்தான் பேர் மாறுச்சு.

டயர்ல பாலிஷ் அடிச்சு பளபளன்னு வச்சிருந்தாங்க. பக்கவாட்டுல இருந்த கடைசி நாலு நம்பர் 0616. 2016-ம் வருஷம் ஆறாவது வாரம் செஞ்சது, வண்டியவிடப் பழசு! வேற வண்டில கழட்டுனத மாட்டியிருக்காங்க. புதுசு நாலு, 20,800. மீட்டர்ல 38,000 கி.மீ., ஆனா க்ளட்ச் பெடல் ரப்பர்ல கோடே இல்லாம வழவழன்னு தேஞ்சிருந்துச்சு. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பர் சொல்லிக் கேட்டா, கடைசி சர்வீஸே 81,000 கி.மீ.ல நடந்திருக்கு. க்ளட்ச் செட் கூலியோட 13,200. சஸ்பென்ஷன்ல லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட் 7,400. பேட்டரி 4,800.

இன்ஷூரன்ஸ்தான் யாரும் சொல்லாத செலவு. காப்பில இருந்த 45% என்.சி.பி., அதாவது க்ளெய்ம் வாங்காம இருந்ததுக்குக் குடுக்குற தள்ளுபடி, பழைய ஓனருக்குச் சொந்தம், வண்டிக்கு இல்ல. பாலிசிய என் பேருக்கு மாத்துறப்ப அந்தத் தள்ளுபடிய திரும்பக் கட்டச் சொன்னாங்க. அடுத்த மாசமே ரினியூவல், என்.சி.பி. பூஜ்யம். ரெண்டும் சேத்து 11,700.

70,400-ஐப் பத்திக் கேட்டா, "எடுக்கும்போது நல்லாத்தானே ஓட்டிப் பாத்தீங்க"ன்னு ஃபோனை வச்சுட்டார்.

அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. இ-சலான் தளத்துல வண்டி நம்பர் போட்டு ஃபைன் பாருங்க. ஹெச்.பி. இருந்தா என்.ஓ.சி. கைக்கு வராம பணம் குடுக்காதீங்க. பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல பழைய ஓனர் கையெழுத்த அன்னைக்கே வாங்கிருங்க. கைமாறி 14 நாளுக்குள்ள இன்ஷூரன்ஸ மாத்த எழுதிக் குடுங்க, இல்லன்னா உங்க வண்டி அடிபட்டா க்ளெய்ம் வராது. பேர் மாறுற வரைக்கும் ஒரு 25,000-ஆவது கைல நிறுத்தி வைங்க.