மங்கலான ஒரு கோடு தேடி: டெங்கு ஸ்ரிப்போடு ஆறு மாரி

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கார்த்திகையில் மழை இறங்கினால் தை வரைக்கும் டெங்கு ஸ்ரிப்தான் கையில்; இரத்தத்தில் டெங்கு இருந்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டி அது. ஆறு மாரி ஆயிற்று. நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம்; ஆனால் அதைப் பக்குவமாக வைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலான பெட்டிகளில் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று போட்டிருக்கும். எங்கள் கூரை சீற். வைகாசி மத்தியானம் அறை அடுப்பு மாதிரி. முதல் வருடம் அலுமாரியில் இருந்த பெட்டியில், ஸ்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே மெலிந்து வந்தது. கோட்டில் இருக்கும் பிறபொருளெதிரி (அன்டிபொடி) ஒரு புரதம், சூட்டில் கெட்டுவிடும். முழுப் பெட்டியையும் ஒதுக்கிவிட்டேன். இப்போது பிரிட்ஜில் வைக்கிறேன். எடுத்த கையோடு உறையைக் கிழிப்பதில்லை; குளிர் போகாவிட்டால் ஈரம் படிந்துவிடும்.

விரலில் குத்திய இரத்தத்தை அப்படியே விட்டால் சிலவேளை வெள்ளைத்தாள் சிவந்து மெல்லிய கோடு மறைந்துபோகும். அதனால் சுழற்றிப் பிரித்த சீரத்தில், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்தான் செய்கிறேன். பெட்டியில் சொன்ன நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். அரை மணி கழித்துத் தெரிவதை எடுக்கமாட்டேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை நெஞ்சு பதறியது. வயலில் இருந்து வந்த ஒரு ஐயா, ஆறாம் நாள் காய்ச்சல். டெங்கு வைரசின் புரதமான என்எஸ்1ஐக் காட்டும் கோடு வரவில்லை. "அப்ப டெங்கு இல்லைத்தானே பிள்ளை?" என்று எழும்பிவிட்டார். "இருங்கோ ஐயா" என்று ஐஜிஎம் பார்த்தேன்; டெங்குக்கு எதிராக உடம்பு சில நாள் கழித்து ஆக்கும் பிறபொருளெதிரி அது. கோடு இருந்தது. குருதிச் சிறுதட்டும் இறங்கியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். என்எஸ்1 முதல் சில நாட்களில்தான் இரத்தத்தில் நிறைய இருக்கும். முன்பு ஒருதரம் டெங்கு வந்தவர்களில் பழைய பிறபொருளெதிரி அதைப் பிடித்து மூடிவிடும், ஸ்ரிப்புக்கு அகப்படாமல் போகலாம்.

கோட்டின் நிறம் பொன் நுண்துகள்களால் வருவது. அவற்றின் மேல் வெள்ளியைப் படியவைத்துப் பெரிதாக்கினால், கண்ணுக்குத் தெரியாத கோடும் கறுப்பாக எழும். காசநோய்க்கான சிறுநீர்ச் சோதனை ஒன்றில் ஃபியூஜிஃபிலிம் இதைச் செய்திருக்கிறது. டெங்கு ஸ்ரிப்பிலும் அப்படி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தால் எத்தனையோ பேரை நேரத்தோடு அனுப்பலாம். அதுவரைக்கும், ஊசி எடுக்கும் முன்னே கேட்கிறேன்: "காய்ச்சல் எண்டைக்குத் தொடங்கினது?"