ரோட்டிலிருந்து ட்ராக்குக்கா, ட்ராக்கிலிருந்து ரோட்டுக்கா? மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், போர்ஷே 911 ஜிடி1, மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர்: மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

மெர்சிடிஸுக்காக ரேஸ் கார் கட்டிய ஏஎம்ஜி, சிஎல்கே ஜிடிஆரை உருவாக்க உட்கார்ந்தபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று, எதிராளியின் காரை விலைக்கு வாங்கியது. 1997 சீசனில் எதைத் தோற்கடிக்க வேண்டுமோ அந்த மெக்லாரன் எஃப்1 ஜிடிஆரையே (எஃப்1 என்ற ரோடு காரின் பந்தய வடிவம்) ஒன்று வாங்கி, அதில் தங்கள் பாகங்களைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். ஃபார்முலா 1-இல் மெக்லாரன் அணிக்கு அப்போது என்ஜின் கொடுத்துக்கொண்டிருந்ததும் மெர்சிடிஸ்தான். ஜிடி பந்தயத்திலோ மெக்லாரனுக்குள் இருந்தது பிஎம்டபிள்யூவின் வி12 என்ஜின். கூட்டாளியே எதிரி, எதிரியின் காரே பாடப்புத்தகம் என்று இருந்த காலம் அது.

1995 முதல் 1998 வரை, ரோட்டில் ஓடும் வடிவமும் இருக்க வேண்டும் என்ற விதி கொண்ட ஜிடி1 வகுப்பில் நடந்த இந்தப் போட்டியைப் பற்றிப் பேசும்போது 'எது வேகமானது' என்ற கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். கார் எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ரோட்டுக்காகப் பிறந்து பந்தயத்துக்குப் போனதா, பந்தயத்துக்காகப் பிறந்து விதிக்காக நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டதா? ஜிடி, அதாவது கிராண்ட் டூரிங் என்ற பெயருக்கே அந்தக் கேள்விதான் அர்த்தம் கொடுக்கிறது.

மெக்லாரன்: ரேஸுக்கு வேண்டாம் என்று கட்டிய கார்

1988-இல் மெக்லாரன் அணி ஃபார்முலா 1-இன் 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியின் மோன்சா. அதை முடித்துக்கொண்டு விமானத்துக்காகக் காத்திருந்த வேளையில் மெக்லாரனின் ரான் டென்னிஸ், மன்சூர் ஒஜ்ஜே, கிரெய்டன் பிரவுன், வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி நால்வரும் பேசிய பேச்சில் முளைத்ததுதான் எஃப்1 ரோடு கார். மர்ரி மனதில் இருந்தது ஒரே கணக்கு: எடை. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, டர்போ இல்லை. உடல் முழுவதும் கார்பன் ஃபைபர். பின்னால் பிஎம்டபிள்யூவின் பால் ரோஷே வடிவமைத்த 6.1 லிட்டர் வி12, 627 குதிரைத்திறன். என்ஜின் அறையின் சுவர்களில் தங்கத் தகடு ஒட்டியது ஆடம்பரத்துக்காக இல்லை. சூட்டைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்தை மிஞ்ச ஆளில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில். இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஆளுக்கொரு இருக்கை. கதவைத் திறந்து, ஓர இருக்கையைத் தாண்டிக் கால் வைத்து, நடுவில் போய் உட்கார வேண்டும். ஏறி இறங்குவது சிரமம்தான். உட்கார்ந்துவிட்டால் முன்சக்கரங்கள் இரண்டும் சம தூரத்தில், பாதை அப்படியே மடியிலிருந்து கிளம்பிப் போவதுபோல இருக்கும். பந்தய ஓட்டுநர்களுக்கு இது பழகிய கோணம். ரோடு காரில் அதைக் கொண்டுவந்தது மர்ரியின் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதக்காரர் இதைப் பந்தயத்துக்கு அனுப்ப ஆசைப்படவில்லை. 1994-இல் யூர்கன் பார்ட், பாட்ரிக் பீட்டர், ஸ்டெஃபான் ராடெல் மூவரும் பிபிஆர் என்ற ஜிடி தொடரைத் தொடங்கிய பிறகு, ரே பெல்ம், தாமஸ் ப்ஷர் போன்ற ஓட்டுநர்கள் விடாமல் நச்சரித்ததால்தான் இறங்கி வந்தார். மாற்றங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: பாதுகாப்புக் கூண்டு, பின்சிறகு, கார்பன் பிரேக், உள்ளலங்காரம் நீக்கம், அப்புறம் இன்னும் சில. விதிப்படி என்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் கட்டுப்படுத்தி மாட்டியதால் ரேஸ் கார் சுமார் 600 குதிரைத்திறனோடு நின்றது. அதாவது ரோடு காரைவிடக் குறைவு! இதற்கு இணையான இன்னொன்றை ஜிடி பந்தயத்தில் தேடுவது கஷ்டம்.

பிறகு 1995 ஜூன், பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான். 24 மணி நேரத்தில் பெரும்பகுதி மழை. ஏழு மெக்லாரன்கள் கிளம்பின. ஆண்டி வாலஸ், டெரெக் பெல், அவர் மகன் ஜஸ்டின் பெல் ஓட்டிய கார் வெகுநேரம் முன்னணியில் இருந்து, கடைசிக் கட்டத்தில் கிளட்ச் தொல்லையால் தளர்ந்தது. அந்த இடத்துக்கு வந்தது 59-ஆம் எண் கார்: ஜே.ஜே. லெஹ்டோ, யானிக் டால்மாஸ், மசானோரி செகியா. இரவு நேரத்தில், ஈரத் தரையில், முன்னால் போகும் கார்கள் எழுப்பும் நீர்த்திரைக்குள் லெஹ்டோ ஓட்டிய வேகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். மற்றவர்கள் தவழ்ந்துகொண்டிருந்த இடங்களில் அவர் சுற்றுக்குப் பல நொடிகள் பிடுங்கினார். 298 சுற்றுகள், ஒட்டுமொத்த வெற்றி. 3, 4, 5, 13-ஆம் இடங்களும் மெக்லாரனுக்கே. லெ மானை வென்ற முதல் ஜப்பானியர் என்ற பெயர் செகியாவுக்குக் கிடைத்தது.

இதில் அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டாம் இடத்து கூராஜ், பந்தயத்துக்கென்றே கட்டிய கார். மாரியோ ஆண்ட்ரெட்டி தொடக்கத்திலேயே இடித்துப் பல சுற்றுகளை இழக்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். மழையும் உதவியது. காய்ந்த தரையில் 24 மணி நேரமும் அடி வாங்கியிருந்தால் மெக்லாரனின் கிளட்சும் கியர்பாக்ஸும் அத்தனை கார்களிலும் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனாலும் ரோட்டுக்காகக் கட்டிய கார் முதல் முயற்சியிலேயே லெ மானை வென்றது நடந்த உண்மை.

போர்ஷே: விதிப்புத்தகத்தை ஆழமாகப் படித்தவர்கள்

நார்பர்ட் சிங்கர் என்ற பொறியாளரைத் தெரிந்துகொண்டால் 911 ஜிடி1 புரிந்துவிடும். விதியில் ஓர் எழுத்து இடைவெளி இருந்தாலும் அதற்குள் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போகக்கூடியவர். 1994-இலேயே, பழைய 962 பந்தயக் காருக்கு ரோடு அனுமதி வாங்கி 'ஜிடி கார்' என்று களமிறக்கிய டாவர் திட்டத்தில் அவர் கை இருந்தது. அந்தக் கார் லெ மானை வென்றும் காட்டியது.

1996-இல் மெக்லாரனுக்குப் பதிலடியாக அவர் கொண்டுவந்த கார், முன்பாதியில் மட்டும் 911. அப்போதைய 993 மாடலின் எஃகுச் சட்டம் முன்னால், அதற்குப் பின்னால் முழுக்க ரேஸ் கார். 911 என்றாலே என்ஜின் பின்னச்சுக்குப் பின்னால் தொங்கும். இதில் அது அச்சுக்கு முன்னால், காரின் நடுவுக்கு வந்துவிட்டது. ரோட்டில் ஓடிய 993 காற்றால் குளிரும் என்ஜினோடு இருக்க, இதில் தண்ணீரால் குளிரும் 3.2 லிட்டர் இரட்டை டர்போ. பெயரும் முகமும் 911, எலும்பு வேறு.

பலன் உடனே தெரிந்தது. 1996 லெ மானில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம், மூன்றாம் இடம், ஜிடி1 வகுப்பில் முதல் இரண்டு. சீசன் கடைசியில் பிபிஆர் தொடருக்கு வந்து பிராண்ட்ஸ் ஹேட்ச், ஸ்பா, சுஹாய் என மூன்று இடங்களில் வெற்றி. அதுவரை தனியார் அணிகள் தங்கள் கைக்காசில் ஓட்டிக்கொண்டிருந்த தொடரில் ஒரு தொழிற்சாலை அணி நேரடியாக வந்து நின்றதும் காற்று மாறிவிட்டது. எனக்கு இந்தக் காரில் மனம் முழுதாக ஒட்டாததற்கு அது ஒரு காரணம். சிங்கரின் மூளைக்கு வணக்கம் சொல்வதில் தயக்கமே இல்லை.

மெர்சிடிஸ்: 128 நாட்கள்

ஜெர்மன் டூரிங் கார் தொடர் 1996-ஓடு படுத்துவிட்டது. மெர்சிடிஸிடம் அணி இருந்தது, பெர்ன்ட் ஷ்னைடர் போன்ற ஓட்டுநர்கள் இருந்தார்கள், ஓட்டக் கார் இல்லை. 1997-இலிருந்து பிபிஆர் தொடர், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் ஜிடி சாம்பியன்ஷிப்பாக மாறுகிறது என்றதும் களத்தில் குதித்தார்கள். வேலை தொடங்கியதிலிருந்து கார் முதல்முறை ஓடியதுவரை 128 நாட்கள். ஒரு சாதாரண ரோடு காரின் கதவுக் கைப்பிடியை முடிவு செய்யவே இதைவிட அதிக நாள் ஆகும்.

ஷோரூமில் நிற்கும் சிஎல்கே, முன்னால் என்ஜின் வைத்த நான்கு இருக்கை கூபே. ஜிடிஆர் அதனோடு பங்கிட்டுக்கொண்டது முன்கிரில், விளக்குகள் என்று சில்லறைச் சாமான்களைத்தான். உள்ளே கார்பன் கூடு, நடுவில் 6 லிட்டர் வி12. அந்த என்ஜின் குடும்பம் பெரிய எஸ்-கிளாஸ் காரிலிருந்து வந்தது என்பதுதான் ரோட்டோடு அதற்கிருந்த உண்மையான உறவு. விதிப்படி கட்ட வேண்டிய 25 ரோடு கார்கள் சாவகாசமாகப் பின்னால் வந்தன.

நேருக்கு நேர்: 1997

மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கிடைத்த ஒரே முழு சீசன் இது. மெக்லாரனும் சும்மா இருக்கவில்லை. மூக்கையும் வாலையும் நீட்டி, எடையை மேலும் குறைத்து, தொடர்வரிசை கியர்பாக்ஸ் மாட்டி 'லாங்டெயில்' என்று பெயர் பெற்ற காரைக் கொண்டுவந்தது. ஷ்னிட்சர் அணி பிஎம்டபிள்யூ சார்பில் அதை ஓட்டியது.

முதல் சுற்று ஹாக்கன்ஹைம். மெர்சிடிஸ் வேகமாக இருந்தும் பிரேக் காலை வாரியது. லெஹ்டோவும் ஸ்டீவ் சோப்பரும் மெக்லாரனில் வென்றார்கள். சில்வர்ஸ்டோன், ஹெல்சிங்கியும் மெக்லாரனுக்கே. நூர்பர்க்ரிங்கில்தான் ஷ்னைடரும் கிளாஸ் லுட்விக்கும் கணக்கைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலும் நிறுத்த முடியவில்லை. 11 பந்தயங்களின் முடிவில் மெர்சிடிஸுக்கு 6, மெக்லாரனுக்கு 5, போர்ஷேவுக்கு ஒன்றும் இல்லை. பட்டம் ஷ்னைடருக்கு.

இந்த 6-5-ஐ நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் வெற்றிக்காகவே தொடங்கிய புத்தம் புதிய ரேஸ் கார். மறுபக்கம் 1992-இல் அறிமுகமான ரோடு காரின் நீட்டிய வடிவம். ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். தோற்றவர்மீது மரியாதை கூடும் தோல்வி இது.

போர்ஷேவின் பூஜ்யத்துக்கு விதியும் ஒரு காரணம். டர்போ என்ஜின்களுக்கு விதித்த காற்றுக் கட்டுப்பாடு அதன் கழுத்தைப் பிடித்தது. லெ மானில் நிலைமை வேறு: 1997-இல் வென்றே இருக்க வேண்டும். முன்னணியில் இருந்த பாப் வோலெக் ஞாயிறு காலையில் மோதி வெளியேற, மிச்சமிருந்த கார் சுமார் இரண்டு மணி நேரம் இருக்கும்போது முன்னணியில் ஓடிக்கொண்டே தீப்பிடித்தது. அதை ஓட்டிய ரால்ஃப் கெலனர்ஸ் தப்பித்தார். இரண்டாம், மூன்றாம் இடங்களையும் வகுப்பு வெற்றியையும் அள்ளியது யார் என்றால், அதே மெக்லாரன் லாங்டெயில்கள்.

1998, சுருக்கமாக

1998-இல் பழைய பாசாங்கும் போய்விட்டது. போர்ஷே 911 ஜிடி1-98 முழுக் கார்பன் கூட்டோடு வந்தது. மெர்சிடிஸ் வி12-ஐக் கழற்றி 5 லிட்டர் வி8 வைத்து சிஎல்கே எல்எம் கட்டியது. எஃப்ஐஏ ஜிடியின் 10 பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. ஒரு தொடரை இப்படித் துடைத்தெடுத்தால் மற்றவர்கள் எதற்கு வருவார்கள்? ஜிடி1 வகுப்பு அந்த வருடத்தோடு எஃப்ஐஏ ஜிடியிலிருந்து மறைந்தது. ஆனால் லெ மானில் இரண்டு மெர்சிடிஸ்களும் முதல் சில மணி நேரத்திலேயே என்ஜின் போய் நின்றன. கடைசிக் கட்டத்தில் டொயோட்டாவும் கியர்பாக்ஸ் உடைந்து வெளியேற, ஆலன் மெக்நிஷ், லாரன் அயெல்லோ, ஸ்டெஃபான் ஓர்டெல்லி ஓட்டிய போர்ஷே வென்றது. இரண்டாம் இடமும் போர்ஷேவுக்கே. கம்பெனியின் 50-ஆம் ஆண்டில் கிடைத்த வெற்றி.

சரி, எது?

சீசன் முழுக்க அடித்து நொறுக்கும் பந்தய ஆயுதம் வேண்டும் என்றால் மெர்சிடிஸ். அதில் வாதமே இல்லை. 24 மணி நேரப் போரில், தோற்றுத் தோற்றுத் திருத்திக்கொண்டு வென்ற பொறியியல் கதை பிடிக்கும் என்றால் போர்ஷே. மூன்று வருட முயற்சிக்குப் பிறகு வந்த அந்த 1998 வெற்றி எந்தக் கல்மனதையும் கரைக்கும்.

ஜிடி கார் எது என்று கேட்டால் நான் மெக்லாரனைத்தான் கைகாட்டுவேன். மற்ற இரண்டிலும் பொறியாளர்கள் ரேஸ் காருக்கு ரோடு வேஷம் போட்டார்கள். மெக்லாரனுக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. கட்டியது மொத்தம் 106 எஃப்1 கார்கள், அவற்றில் 28 ஜிடிஆர். பந்தய வாழ்க்கை முடிந்த பிறகு அந்த ஜிடிஆர்களில் சிலவற்றை உரிமையாளர்கள் ரோட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். பின்சிறகும் ஸ்பான்சர் பெயர்களும் அப்படியே இருக்க, நம்பர் பிளேட்டோடு, நட்டநடுவில் உட்கார்ந்து, பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.