ஐசியு இஇஜி வண்டி: இயந்திரத்துக்கு நாலு ஸ்டார், ராத்திரிக்கு ரெண்டு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே விற்கப்படும் 32 சேனல் வீடியோ இஇஜி (மூளையின் மின்னலையைப் பதியும் கருவி) பற்றிய மதிப்பீடு இது. அலையைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டி, கம்ப்யூட்டர், இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் வந்துவிடும். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் பத்துப் பதினைந்து கட்டில் ஐசியு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறோம். கம்பெனி பெயர் வேண்டாம். கீழே வரும் குறைகள் பலவும் எந்தக் கம்பெனி வண்டியிலும் வரக்கூடியவைதான்.

முதலில், இது எதற்கு? பிட்ஸ் வந்தவருக்கு லோராசிபாம் போட்டு, லெவிடிராசிட்டம் ஏற்றி, கைகால் உதறல் நின்றுவிட்டது. ஆனால் ஆள் முழிக்கவில்லை. மருந்து மயக்கமா, உள்ளே வலிப்பு இன்னும் ஓடுகிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உதறல் அடங்கிய 164 பேருக்குத் தொடர்ந்து இஇஜி எடுத்ததில் 48% பேருக்கு மூளை அலையில் வலிப்பு தெரிந்தது. 2004-ல் வந்த இன்னொரு ஆய்வில் தொடர் இஇஜி எடுத்த 570 பேரில் 19% பேருக்கு வலிப்பு. அந்த 19 சதவீதத்தினரில் 92% பேருக்கு உடம்பில் உதறலே இல்லை. நான்குவழிச் சாலையில் தலையில் அடிபட்டு வருபவர், மூளைக்காய்ச்சல்காரர், பூச்சிமருந்து குடித்தவர், இதயம் நின்று மீட்கப்பட்டவர் என்று நம் ஊர் ஐசியுவில் படுத்திருப்பவர்களில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. தசைத்தளர்ச்சி மருந்து ஓடும் வெண்டிலேட்டர் நோயாளிக்கு உதறல் வரவே வராது. அங்கே அலை ஒன்றுதான் சாட்சி.

ஆம்ப்ளிபயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலை சுத்தமாக வருகிறது, கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் பதிவின் தரத்தைத் தீர்மானிப்பது பெட்டி இல்லை, தலையில் எலக்ட்ரோடை (அலையைப் பிடிக்கும் சின்ன உலோகக் கிண்ணம்) ஒட்டும் கைதான்.

நம் பக்கம் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் ஊறிய தலையில் பேஸ்ட் ஒட்டுவது போலத் தெரியும், இரண்டு மணிநேரத்தில் வழுக்கிவிடும். அதனால் ஷாம்பு போட்டு அலசித் துடைத்து, முடி நன்றாகக் காய்ந்த பிறகுதான் அளவு டேப்பை எடுக்க வேண்டும். மூக்குப் பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு முடிச்சு வரை அளந்து, 10, 20 சதவீதக் கணக்கில் பென்சிலால் குறிக்க வேண்டும். ஒவ்வொரு குறியிலும் முடியை வகிர்ந்து, நியூப்ரெப் மாதிரித் தேய்க்கும் ஜெல்லைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு நாலைந்து முறை தேய்த்தால் போதும். தோல் உரியத் தேய்த்தால் மறுநாள் அங்கே புண். பிறகு எலக்ட்ரோடு கிண்ணம் நிறைய டென்20 என்ற ஒட்டும் பேஸ்ட், மேலே சின்னத் துணித்துண்டு, அதன்மேல் ஒரு அழுத்து. இம்பீடன்ஸ் (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வர வேண்டும், ஐசியுவில் 10 வரை பொறுக்கலாம். அதைவிட முக்கியம், எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பது. ஒன்று 2, பக்கத்தில் 20 என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அந்தச் சேனலில் வந்து குந்திக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் பில்டரைப் போட்டு அதை மறைப்பது ஏமாற்று வேலை.

அறுவை சிகிச்சைக் கட்டு இருக்கும் தலையில் எலக்ட்ரோடை நகர்த்தித்தான் ஆக வேண்டும். இடப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கமும் அதே அளவு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு பக்க அலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. எலும்பு எடுத்த இடத்தில் அலை உயரமாகவும் கூராகவும் வரும். படிப்பவருக்கு இந்தத் தகவல் போகாவிட்டால் அதையே வலிப்பென்று எழுதிவிடுவார்.

கொலோடியன் என்ற பசையால் ஒட்டினால் அதிகம் தாங்கும்தான். ஆனால் அந்த நெடியும் தீப்பிடிக்கும் குணமும், ஆக்ஸிஜன் ஓடுகிற மூடிய ஏசி அறைக்கு ஒத்துவராது. எங்கள் ஓட்டு பேஸ்ட்டுக்கே. தினமும் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து நிரப்ப வேண்டும், நெற்றி எலக்ட்ரோடுகளின் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நடுவே, "தலையில கரண்டு வைக்காவளா சிஸ்டர்?" என்று வீட்டாள்கள் கேட்பார்கள். கரண்டு எதுவும் உள்ளே போகாது, மூளையிலிருந்து வருவதைப் பதிவு மட்டும்தான் செய்கிறது என்று ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

பொய் அலைகளுக்கு வருவோம். வெண்டிலேட்டர் டியூபில் தேங்கிய தண்ணீர் ஆடினால் தாளம் தவறாத ஓர் அலை வரும். நெஞ்சைத் தட்டி பிசியோதெரபி கொடுக்கும்போது வருவது அசல் வலிப்பு மாதிரியே இருக்கும். அப்போது வீடியோதான் காப்பாற்றும், ஆகவே கேமரா இல்லாத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆல்பா பெட் (படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை) மோட்டாரும், மருந்து ஏற்றும் இன்ப்யூஷன் பம்பும் தனித்தனி இரைச்சல் தரும். மத்தியானம் ஏசி மக்கர் பண்ணினால், வியர்வையில் எல்லாச் சேனலும் மெதுவாக மேலும் கீழும் நீந்தும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில், யுபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் அணைந்து ஏறும். நாங்கள் பார்த்த மாடலில் பதிவு தானாகத் தொடராது. யாராவது வந்து மறுபடி தொடங்கும்வரை அத்தனையும் வெற்று.

மென்பொருளில், அலையின் பலத்தை வண்ணமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் நன்றாக இருக்கிறது. பல மணிநேரப் பதிவு ஒரே திரையில் வந்துவிடும், வலிப்பு வந்த இடங்கள் தீக்கொழுந்து போல எழுந்து நிற்கும். நர்சுகளுக்கே இதைப் பார்க்கப் பழக்கலாம். ஆனால் சிறிய இடத்தில் வரும் குட்டி வலிப்பு இதில் சிக்காது, எலக்ட்ரோடு கழன்றாலும் கொழுந்து எழும். மூல அலையைத் திறந்து பார்க்காமல் மருந்தைக் கூட்டக் கூடாது. தானியங்கி அலாரம் சுத்த வீண். இரண்டே ஷிப்டில் அதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

ஸ்டார் குறைவது இனிமேல்தான். பதிவு 24 மணிநேரம், கட்டணமும் 24 மணிநேரத்துக்கு, படிப்பதோ மறுநாள் காலை ஒரே ஒரு தடவை. ராத்திரி ஒன்பதுக்குத் தொடங்கிய வலிப்பைக் காலை பத்துக்குக் கண்டுபிடிக்க இந்த வண்டி எதற்கு? ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு முறை முழுப் பதிவையும் பார்க்க வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. உள்ளூரில் ஆள் இல்லையென்றால் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் நரம்பியல் மருத்துவர் இணையவழி பார்க்கலாம். அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அழைத்தால் எத்தனை நிமிடத்தில் திறப்பார் என்பது உட்பட.

ரிப்போர்ட்டில் "அலை மந்தம்" என்று ஒரு வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். தட்டி எழுப்பும்போது அலை மாறுகிறதா, மணிக்கு எத்தனை நிமிடம் வலிப்பு, அப்போது என்ன மருந்து ஓடியது என்பதெல்லாம் அதில் வேண்டும். 2021 அமெரிக்க வரையறைப்படி, வலிப்பு அலை தொடர்ந்து 10 நிமிடம் ஓடினாலோ, ஒரு மணிநேரத்தில் 20% நேரத்தைப் பிடித்தாலோ அது ஸ்டேட்டஸ், அதாவது அடங்காத வலிப்பு. எண் இல்லாமல் இதை எப்படி முடிவு செய்வது?

எல்லோருக்கும் 24 மணிநேரம் தேவையுமில்லை. வலிப்பு அபாயத்தைக் கணிக்கும் 2ஹெல்ப்ஸ்2பி என்ற மதிப்பெண் முறையில் பூஜ்யம் வந்தவருக்கு ஒரு மணிநேரப் பதிவு போதும், பிறகு வலிப்பு வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. கோமாவில் இருப்பவருக்கு மட்டும் 48 மணிநேரம் வரை போகலாம். 2020-ல் வந்த சுவிஸ் ஆய்வில், தொடர் இஇஜி வலிப்பை அதிகம் கண்டுபிடித்ததே தவிர, இரண்டு முறை 20 நிமிடம் எடுத்த குழுவைவிட இறப்பைக் குறைக்கவில்லை. ஆக, வண்டி வாங்க முடியாத மருத்துவமனை, சாதாரண இஇஜியை இருமுறை ஒழுங்காக எடுத்தாலே தலைகுனிய வேண்டியதில்லை.

வாங்குவதென்று முடிவானால் டெமோவை ஷோரூமில் பார்க்காதீர்கள். உங்கள் ஐசியுவிலேயே, எண்ணெய்த் தலை நோயாளி ஒருவருக்கு, உங்கள் டெக்னீஷியனே ஒட்டட்டும். பதிவு ஓடும்போது ஆல்பா பெட்டைப் போடச் சொல்லுங்கள், யுபிஎஸ்ஸுக்கு வரும் மெயின் கரண்டை அணைத்து ஜெனரேட்டருக்கு மாறச் சொல்லுங்கள். எலக்ட்ரோடு, பேஸ்ட் ஒரு வருஷத்துக்கு என்ன ஆகும் என்பதையும் அதே கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.