கருநீலச் சுவரோடு நான்கு வருடம்

அடர் நிறம் அடித்தால் அழுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அதை நம்பித்தான் 2022 பொங்கலுக்கு முன்னால் ஹாலில் டிவி மாட்டியிருக்கும் சுவரையும், படுக்கையறையின் தலைமாட்டுச் சுவரையும் கருநீலமாக மாற்றினேன். சாம்பல் கலந்த நீலம், பகலிலேயே கொஞ்சம் இருட்டு. வீடு வேளச்சேரிப் பக்கம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. மற்ற சுவர்களில் பழைய சந்தன நிறம் அப்படியே இருக்கிறது. கூரை வெள்ளை.

முதல் எதிர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. (மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) "நல்ல நாளும் அதுவுமா இருட்டுக் கலர் எதுக்கும்மா? லட்சுமி எப்படி உள்ள வருவா?" என்றார். அவர் பார்த்து வளர்ந்தது பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பது. அதில் துளி நீலம் கலப்பார்கள், வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரிய. சுவருக்கு அவ்வளவு நீலம் போதும் என்பது அவர் கணக்கு. ஷேடு கார்டை எத்தனை முறை காட்டியும் மசியவில்லை. கடைசியில் புடவைப் பேச்சில்தான் வழி பிறந்தது. "உங்க எம்.எஸ். புளூ பட்டு இருக்கே அத்தை, அதை நிழல்ல விரிச்சா எப்படி இருக்கும், அந்தக் கலர்" என்றேன். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தி, அவர் பெயரே நிலைத்துவிட்ட நீலத்தை யார் வேண்டாம் என்பார்கள்? "சரி, பூஜை ரூம் பக்கம் வராம பாத்துக்கோ" என்று விட்டுவிட்டார்.

பெயின்டர் அண்ணன் சொன்னதில் பாதியை நாங்கள் கேட்கவில்லை. ஹால் சுவர் 11 அடிக்கு 10 அடி. ஒரு லிட்டரில் இரண்டு கோட் வரும் என்றார் கடைக்காரர். வெளிர் நிறத்துக்கு வரும். அடர் நிறத்தை மெஷினில் கலக்கும்போது எடுக்கும் பேஸே, அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்டே, வேறு. அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி மிகக் குறைவு. அடியில் இருப்பதை மறைக்கிற வேலையைச் செய்வதே அந்த வெள்ளைதான். அது இல்லாததால் முதல் கோட் முடிந்தபோது சுவர் திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாவதிலும் ரோலர் போன தடம் தெரிந்தது. மூன்றாவதில்தான் நிறம் பிடித்தது, அதற்குள் இரண்டு லிட்டர் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. படுக்கையறைக்கு வந்தபோது அண்ணன் முதலில் அடிக்கும் பிரைமரிலேயே கறுப்பு ஸ்டெய்னரை (நிறம் கலக்கும் மை) கொஞ்சம் ஊற்றிச் சாம்பலாக்கி அடித்தார். அங்கே இரண்டே கோட்டில் முடிந்தது. இதை ஹாலுக்கே ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னேன் மேடம், சார்தான் அவசரப்படுத்தினார்" என்றார்.

அதே சார்தான் ஃபேனையும் போட்டார். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போதே அடுத்த ரோலர் தடம் அதன் மேல் ஏற வேண்டும். காற்றில் ஓரம் காய்ந்துவிட்டால் இரண்டு தடமும் சேருமிடம் தனியாகக் கோடு போடும். வெள்ளைச் சுவரில் அது கண்ணில் படாது. எங்கள் ஹாலில் காலை எட்டு மணிக்கு பால்கனிக் கதவு வழியாக வெயில் சாய்ந்து வரும்போது, மேலிருந்து கீழாக இரண்டு கோடுகளை இன்றைக்கும் காட்டுவேன். பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளைப் பூச்சு) பார்த்து உப்புத்தாள் சரியாகப் போடாத மேடு பள்ளமும் அதே நேரத்தில்தான் வெளியே வரும். எட்டரைக்கு மேல் எல்லாம் மறைந்துவிடும். விருந்தாளியை ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுவது நல்லது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் அதிகம் தடுமாறியது அதில்தான். நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. கறுப்பு 0, வெள்ளை 100. சாதாரண வெள்ளைச் சுவர் 80ஐத் தாண்டும். எங்கள் கருநீலம் 7. அதாவது, இதுவரை நமக்கு விளக்காகவும் வேலை செய்துகொண்டிருந்த ஒரு சுவரை அணைத்துவிட்டோம். ஹாலில் இருந்தது 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று, 6500 கெல்வின், நம் வீடுகளில் எங்கும் இருக்கும் அந்தப் பளீர் வெள்ளை. அதன் கீழ் சுவர் வங்கிக் கவுன்டர் போல வெறைத்துக்கொண்டு நின்றது. மஞ்சளாக இருக்கட்டும் என்று 3000 கெல்வின் பல்பு போட்டுப் பார்த்தோம். நீலம் மங்கி, பாசி பிடித்த சாம்பலாகிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து 4000 கெல்வினில் 9 வாட் விளக்கு இரண்டைச் சுவர் மேலேயே விழுகிற மாதிரி மாட்டினோம். அன்றைக்குத்தான் கடையில் பார்த்த நிறம் வீட்டுக்கு வந்தது. கூடுதலாக 18 வாட், தினம் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் ஐந்தரை யூனிட்கூட வராது. ஆகவே கரன்ட் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வயர் இழுக்கிற வேலையைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். நாங்கள் அடித்த பிறகு சுவரை வெட்டினோம்.

இனி அழுக்கு. நம் வீட்டில் எத்தனை பொருள் வெள்ளை என்று இந்தச் சுவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விபூதி, கோலமாவு, குழந்தைக்குப் போடும் பவுடர், ஒட்டடை, ஃபேன் இறக்கையிலிருந்து உதிரும் தூசி, ஆணி அடித்தால் கொட்டும் பட்டித் தூள். வெள்ளைச் சுவரில் கறுப்பு அழுக்கு தெரியும், கருநீலத்தில் மிச்சம் எல்லாமே தெரியும். நாற்காலி முதுகு ஒருமுறை உரசினால், உள்ளே இருக்கும் பட்டி வெள்ளைக் கோடாகப் பல்லைக் காட்டும். வாரம் ஒருமுறை நீளக் கம்பில் மைக்ரோஃபைபர் துணியைக் கட்டி, உலர்வாக, மேலிருந்து கீழே துடைக்கிறேன். மேட் ஃபினிஷ் என்பதால் ஈரத் துணியால் அழுத்தித் தேய்க்க முடியாது. தேய்த்த இடம் மினுங்க ஆரம்பித்து, துடைத்த வட்டம் அப்படியே நிற்கும். ஹால் சுவிட்ச் போர்டைச் சுற்றி எனக்கு அப்படி ஒரு வட்டம் உண்டு, என் சொந்தக் கைவேலை.

படுக்கையறையில் பிரச்சினை தேங்காய் எண்ணெய். தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்து ஃபோன் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. ஆறே மாதத்தில் கட்டிலுக்கு மேலே இரண்டு தலைகளின் அளவில் இரண்டு கறை, ஒன்று கொஞ்சம் உயரமாக. கழுவிப் பயனில்லை. பத்தமடைக் கோரைப் பாய் ஒன்றை வாங்கி, சட்டமிட்டுத் தலைமாட்டில் மாட்டினோம். வெளிர் மஞ்சள் கோரை, பின்னால் கருநீலம். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள், எண்ணெய்க் கதையை நான் சொல்வதில்லை. அந்த அறையின் சின்னச் சுகக்கேடு இன்னொன்று, இரவில் கொசு இந்தச் சுவரில் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது. கொசு அடிக்கும் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை முறைத்தபடி நிற்க வேண்டியதுதான்.

பெரிய அடி 2023 டிசம்பரில். 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை ஊரையே முக்கியபோது, பால்கனிப் பக்க வெளிச்சுவரின் விரிசல் வழியாக ஹால் சுவரில் ஓதம் ஏறியது. ஈரம் காயக் காய உப்புப் பூத்தது. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடும். சந்தனச் சுவரிலும் அதே ஓதம்தான், அங்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கருநீலத்தில் யாரோ கைநிறைய விபூதியை வீசியடித்தது போல இருந்தது. நான் செய்த தவறு, உடனே ஈரத் துணியால் துடைத்தது. உப்பு கரைந்து உள்ளே போய், நாலு நாளில் திரும்ப வந்தது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், வெளி விரிசலை அடைக்க வேண்டும், பிறகு சுவர் முழுதாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். நாங்கள் மாசி வரை பொறுத்தோம்.

மறுபடி அடிக்கும்போது கற்றுக்கொண்டது இது: டப்பாவில் மிச்சம் வைத்திருந்த பழைய பெயின்ட்டால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் ஒட்டு ஒட்டாகவே தெரியும். அதே ஷேடு நம்பரைச் சொல்லிப் புதிதாகக் கலந்து வாங்கினாலும் நூலளவு வேறுபடும். மூலையிலிருந்து மூலைவரை ஒரு முழுச் சுவரையும் அடித்தால் மட்டுமே தப்பிக்கலாம். இன்னொரு இரண்டு லிட்டர் செலவு.

சூடாக இருக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெளிச்சுவருக்கு அடர் நிறம் அடித்தால் நிச்சயம் சுடும். உள்சுவரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நேர் வெயில் விழும் இடம் மட்டும் விதிவிலக்கு. படுக்கையறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. சித்திரையில் நாலு மணிக்கு அந்த வெயில் பட்டை விழும் இடத்தைத் தொட்டால் கை சுடுகிறது. அங்கே நிறமும் வெளுத்திருக்கிறது. போன மாதம் காலண்டரை நகர்த்தியபோது, அடியில் பழைய கருநீலம் நீள்சதுரமாக முழித்துக்கொண்டிருந்தது.

இத்தனை புலம்பியும் ஹால் சுவரை நான் மாற்றப்போவதில்லை. டிவி அணைந்திருக்கும்போது அந்தக் கறுப்புச் செவ்வகமும் தொங்குகிற வயர்களும் சுவருக்குள் கரைந்துவிடுகின்றன. தேக்கு அலமாரி முன்பு சந்தனச் சுவரோடு சேர்ந்து மக்கிப்போய்த் தெரிந்தது, இப்போது அதன் ரேகை தனியாக எழுந்து நிற்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தின் தங்கத் தகடும் அப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்தது அந்தி ஆறேகால் மணி. வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் மங்கும், நீலம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 1819இல் கவனித்துச் சொன்னது, இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. சோபாவின் சிவப்பு உறை சாம்பலாகிவிடும், சுவர் மட்டும் லேசாக விழித்துக்கொண்ட மாதிரி இருக்கும். அத்தை அந்த நேரத்தில்தான் விளக்கேற்றுவார். பூஜை அறையில் ஏற்றிய பித்தளைக் குத்துவிளக்கைக் கொஞ்ச நேரம் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

படுக்கையறையை மாற்றுகிறோம். மேற்கு வெயில், எண்ணெய், கொசு மூன்றையும் ஒரே சுவர் தாங்காது. இந்தத் தை மாதம் அங்கே வெளிர் சாம்பல், மேட் வேண்டாம், துடைக்கக்கூடிய லேசான பளபளப்பு. அடர் நிறத்தை மூட வெளிர் நிறத்துக்கு எத்தனை கோட் ஆகும் என்று கேட்டால் அண்ணன் சிரிக்கிறார். ஃபேன் ரெகுலேட்டர் மேல் இப்போதே மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்துவிட்டேன்.