தரைவீட்டுக்குத் திருட்டு அலாரம்: பெட்டிக்கு முழு மதிப்பெண், கண்காணிப்புக்குப் பாதிதான்

2024 ஜூனிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரை சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலைப் பக்கமும் பழைய ரயில் தடத்தை ஒட்டியும் தரைவீடுகளில் வரிசையாகத் திருட்டு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். குறைந்தது 10 வீடுகள், களவு போனது 38 லட்சம் வெள்ளிக்கு மேல். அம்மாவும் அப்பாவும் டெரஸ் வீட்டில் தனியாக இருக்கிறார்கள், டிசம்பர் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மொத்தக் குடும்பமும் ஊருக்குப் போய்விடும், வீடு பூட்டியே கிடக்கும். அதனால்தான் அலாரம் போட்டோம். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

அலாரத்தின் மூளையான பெட்டி, அதாவது பேனல், டிஎஸ்சி நிறுவனத்தின் பவர்சீரிஸ் நியோ, எச்எஸ்2032 மாடல். போர்டிலேயே 8 ஸோன் (ஒரு கதவு, ஒரு ஜன்னல் என்று தனியாகக் கண்காணிக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஸோன்), தேவைப்பட்டால் 32 வரை கூட்டலாம். கம்பியில்லாத சென்சர்களும் சேரும். அவை பேனலோடு இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும், அலைவரிசையை மாற்றி மாற்றிப் பேசும், செய்தியும் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும். பொருத்திய நாளிலிருந்து பேனல் ஒரு தொந்தரவும் தரவில்லை. சைரன், கீபேட் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வேலை செய்கின்றன.

கதவு சென்சர் மிக எளிமையான பொருள். நிலைச்சட்டத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், கதவில் ஒரு காந்தம். கதவு மூடியிருந்தால் காந்தம் தகடுகளைச் சேர்த்து வைக்கும், திறந்தால் விட்டுவிடும், அவ்வளவுதான். நம் ஊர் வீடுகளில் சிக்கல் ஜன்னலில்தான். காற்றுக்காகக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குகிறோம், திறந்த ஜன்னலோடு அலாரத்தைப் போட முடியாது, அந்த ஸோனை மட்டும் விலக்கிவிட்டுப் போட்டால் திருடனுக்கு அந்த ஜன்னல்தான் வாசல். எங்களுக்குப் பொருத்தியவர் இரண்டாவது காந்தம் ஒன்றை, ஜன்னல் கையளவு திறந்து நிற்கும் இடத்தில் வைத்துக் கொடுத்தார்; அந்த அளவு திறந்திருந்தாலும் மூடியதாகவே சென்சர் எடுத்துக்கொள்ளும், அலாரத்தைப் போடலாம். கேட்காமலே செய்தார், அதற்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஹாலில் இருக்கும் அசைவு சென்சரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய் அலாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அது கேமரா இல்லை. உடல் சூடு நகர்வதை மட்டும் உணரும். முன்னால் இருக்கும் லென்ஸ் அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருக்கும். பட்டைகளைக் குறுக்கே கடக்கிறவனை உடனே பிடித்துவிடும், நேராக அதை நோக்கி நடந்து வருகிறவனைச் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் பின்கதவு வழியாக வருகிறவன் குறுக்கே நடக்கும்படியான மூலையில் மாட்டச் சொல்லுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மதியம் சுவரும் தரையும் உடல் சூட்டை நெருங்கிவிடும், அப்போது மலிவான சென்சர் தடுமாறும், வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகைதான் நமக்குச் சரி. அப்புறம் பல்லி. லென்ஸ் மேலேயே அது ஊர்ந்தால் சென்சருக்கு ஆள் நடப்பதுபோல்தான் தெரியும். சுவர் இடுக்கை சிலிக்கன் வைத்து அடைத்துவிட்டு, சூட்டோடு மைக்ரோவேவ் அலையாலும் அசைவைப் பார்க்கும் இரட்டை வகை சென்சராக மாற்றினார்கள், தொல்லை வெகுவாகக் குறைந்தது. சாமி மேடை ஹாலில் இருந்தால் சென்சர் விளக்கைப் பார்க்காமல் இருக்க வேண்டும்; அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டுத் தேக்காவுக்குக் கிளம்பிவிடுவார், ஆடும் சுடரே போதும் குழப்பத்துக்கு.

பேட்டரி 12 வோல்ட் ஈய அமில வகை, மின்சாரம் போனாலும் பேனலைத் தாங்கும். சூட்டில் சீக்கிரம் சாகும், படிக்கட்டுக்கு அடியில் புழுங்கும் ஸ்டோர் அறையில் பேனலை வைத்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரி மேல் மாட்டிய தேதியை எழுதச் சொல்லுங்கள்.

இனி கண்காணிப்பு. மாதாமாதம் காசு கொடுப்பது இதற்குத்தான், குறையும் இங்கேதான். சைரன் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், அதை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போக முடியாது. பேனல் அனுப்பும் செய்தி கண்காணிப்பு நிலையத்துக்குப் போகிறது, எந்த ஸோன் என்று அங்கே திரையில் தெரிகிறது, பணியில் இருப்பவர் நம் பட்டியலில் உள்ள எண்களை அழைத்துக் கேட்கிறார், தேவையென்றால் 999க்கு, அதாவது போலீசுக்கு, சொல்கிறார். இந்தச் செய்தி போக இரண்டு பாதை வேண்டும்: ஒன்று வீட்டு இணையம், இன்னொன்று சிம் கார்டு. எங்களுக்கும் இரண்டும் உண்டு என்றுதான் விற்றார்கள்.

பொருத்தி முடித்த பிறகு ரவுட்டர் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். கீபேடில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நிலையத்திலிருந்து ஒரு போனும் வரவில்லை. நானே அழைத்துக் கேட்டபோதுதான் சிம்மை இயக்கி வைக்கவே இல்லை என்று தெரிந்தது! அதாவது ரவுட்டர் செத்தால் வீடும் ஊமை. திருடன் கம்பியை வெட்டினாலும் அதே கதிதான். கோபம் வந்தது, வராமல் எப்படி? பிறகு சரிசெய்தார்கள், மறுபடியும் பிடுங்கினேன், இந்த முறை சீக்கிரமே அழைத்தார்கள். பழைய அலாரம் வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: சிங்கப்பூரில் 2ஜி 2017இல் நின்றது, 3ஜி 2024இல் நின்றது. உங்கள் சிம் பெட்டி அந்தக் காலத்தது என்றால் சைரன் நன்றாக அலறும், செய்தி மட்டும் எங்கும் போகாது.

இன்னொரு குறை. முதல் பொய் அலாரத்தின்போது அழைத்தவர் படபடவென்று ஆங்கிலத்தில் பேச, பட்டியலில் முதல் எண் அம்மாவுடையது, அவருக்குத் தமிழும் மலாயும்தான் சரளம். பேசுவது வீட்டுக்காரர்தானா என்று உறுதிசெய்ய அடையாளச் சொல்லைக் கேட்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. இப்போது முதல் எண் தம்பியுடையது. மிரட்டிக் கதவைத் திறக்கச் சொன்னால் அடிக்க வேண்டிய தனி எண்ணையும் அம்மாவுக்குப் பழக்கிவிட்டோம். அதை அடித்தால் அலாரம் அணைந்ததுபோல் தெரியும், நிலையத்துக்கு மட்டும் சத்தமில்லாமல் செய்தி போகும். விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அலாரம் பொருத்த ஆள் அமர்த்தும் முன் அவர்களுக்குக் காவல்துறை உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், கையெழுத்துப் போடும் முன் பேனலின் இன்ஸ்டாலர் கோட் (பேனலின் அமைப்புகளை மாற்ற உதவும் ரகசிய எண்) யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். அதைப் பூட்டி வைத்துக்கொண்டால் நாம் காசு கொடுத்து வாங்கிய பேனலையே வேறு நிலையத்துக்கு மாற்ற முடியாது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. அடுத்த முறை அதை எழுத்தில் தந்து, சிம் பாதையை மாதம் ஒருமுறை சோதித்துக் காட்டினால் இவர்களிடமே தொடர்வோம், இல்லையென்றால் பேனலை வைத்துக்கொண்டு கண்காணிப்பை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதாக அப்பா அவர்களிடமே சொல்லிவிட்டார்.