ஃபவுலரா, மெரியம்-வெப்ஸ்டரா?

பிரெஞ்சு மொழியைக் கவனித்துக்கொள்ள 1635 முதல் அகாதமி என்ற அமைப்பு உண்டு. ஆங்கிலத்துக்கும் அப்படியோர் அமைப்பு வேண்டும் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் கோரினார், அது அமையவில்லை. அதனால் ஆங்கிலக் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்தும் என்னைப் போன்றோர் எந்தச் சொல்லை எப்படி எழுதலாம் என்று சொல்லும் ஏதாவதொரு வழக்கு அகராதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் ஹென்றி ஃபவுலர் என்பவரின் அகராதியைப் பின்பற்றிய நான், இப்போது 1989இல் வெளிவந்த மெரியம்-வெப்ஸ்டர் வழக்கு அகராதிக்கு மாறிவிட்டேன்.

ஆக்ஸ்ஃபர்டு 1926இல் வெளியிட்ட ஃபவுலரின் நூல் படிப்பதற்கு இனியது. ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ், அதாவது 'டு' (to) என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வேறொரு சொல்லைச் செருகும் விஷயத்தில் ஆங்கிலம் பேசுவோரை அவர் ஐந்து வகுப்பாகப் பிரித்துக் கிண்டல் செய்யும் பகுதிக்காகவே அதை வாங்கலாம். விலை, பருமன் எல்லாம் இரண்டாம்பட்சம்.

என்னை மாற்றியது ஒரே கேள்வி: நான் திருத்திய சொல்லைக் காட்டி, "இந்த விதியை யார் போட்டது?" என்று நூலாசிரியர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? எண்ணக்கூடிய பொருள்களுக்கு 'லெஸ்' (less) கூடாது, 'ஃப்யூவர்' (fewer) என்றே எழுத வேண்டும் என்று ஒருவரின் பிரதியில் திருத்தியிருந்தேன். அவர் வரலாற்றாசிரியர், விடவில்லை. மெரியம்-வெப்ஸ்டரைப் புரட்டினால், அந்த விதியின் வேர் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தமக்கு எது நன்றாகப்படுகிறது என்று எழுதிவைத்த ஒரு குறிப்பு என்பதும், 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வழங்கியது என்பதும் தெரிந்தன. திருத்தத்தை நானே அடித்துவிட்டேன். சர்ச்சை எங்கே தொடங்கியது, யார் யார் எப்படி எழுதினார்கள் என்பதைச் சுமார் 20,000 மேற்கோள்களோடு காட்டிவிட்டே அந்நூல் தன் பரிந்துரையைச் சொல்கிறது. ஃபவுலரிடம் பெரும்பாலும் கிடைப்பது அவருடைய செவியின் தீர்ப்பு. அவரும் நேர்மையானவர்தான்: துணைவாக்கியத்தைத் தொடங்கும் 'தட்' (that), 'விச்' (which) இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவர், நல்ல எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அமெரிக்கச் செம்மையாளர்கள் பலர் அந்த யோசனையைச் சட்டமாக்கிக்கொண்டது தனிக்கதை.

புதிய வழக்குகளில் என் தேர்வு தடுமாறும். ஆண், பெண் என்ற இருமைக்குள் தம்மை அடக்கிக்கொள்ளாத ஒருவரை 'தே' (they) என்று குறிப்பதற்கு 1989ஆம் ஆண்டு நூலில் விடை தேட முடியாது. ஃபவுலருக்கோ 2015இல்கூடத் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது. பாடநூல்களிலும் சட்ட ஆவணங்களிலும் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே எது பொருந்தும் என்று சொல்லத் தெரியவில்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆம், இல்லை என்ற ஒற்றை விடையே போதும் என்பவர்களுக்கு ஃபவுலர்தான் வசதி என்று தோன்றுகிறது.